ஐம்பத்தொன்பதரை சென்ட்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் தோழர் வீரையன் அவர்களே! மேடையில் எனக்கு இரு பக்கமும் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே! முன்வரிசையில் இருக்கும் நஃபீசா அக்கா அவர்களே, அவர் பெற்ற செல்வங்களே! நாற்றுப் பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டு ஓடி வந்திருக்கும் செங்கழனிக்குடித் தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த இராஜாங்கத்தின் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை, ஓய்வுபெற்ற நில அளவர் காதர் மைதீன் அவர்களை, நம்முடைய சர்வேயர் பாயை, வலங்கைமானில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மண் தள்ளி முடித்ததும் ஒரு பெரியவர் என் காதோரம் வந்து கேட்டார்: “ஆறுக்கு மூணு, பதினெட்டுச் சதுரடி. ஏர்ஸ்ல எவ்வளவு வரும் ராஜாங்கம்? பாய் இருந்தா டக்குனு சொல்லிருப்பாரு.” எனக்குக் கோபம் வரவில்லை. அழுதுகொண்டே கணக்குப் போட்டேன். ஒரு ஏர்ஸில் அறுபதில் ஒரு பங்கு! இந்த வட்டாரத்தில் ஆயிரமாயிரம் ஏக்கரை அளந்த மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது அவ்வளவுதான். சரியாக இருக்கிறதா பாய் என்று கேட்க, பக்கத்தில் அவர் இல்லை.

அவர் படத்துக்கு மாலை வேண்டாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதனால் அவருடைய அளவுச் சங்கிலியை இந்த மேசையில் வைத்திருக்கிறோம். பாருங்கள், துரு ஏறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாராம். “என் தலைக்கு வச்சதவிட அதுக்கு வச்ச எண்ணெய்தான் ஜாஸ்தி” என்று சற்றுமுன் நஃபீசா அக்கா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

நண்பர்களே! நான் இன்று அவரைப் புகழ மட்டும் வரவில்லை. முப்பத்தைந்து வருடமாக என் நெஞ்சில் கிடக்கும் ஒன்றைச் சொல்லவும் வந்திருக்கிறேன். சொல்லி முடித்த பிறகு இந்த மேடையில் எனக்கு நாற்காலி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். முதலில் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

யார் இந்தக் காதர் மைதீன்? மந்திரியா? இல்லை! மிராசுதாரா? இல்லை! சொந்தமாக ஒரு குழி நிலமாவது வைத்திருந்தாரா? அதுவும் இல்லை! வாடகை வீடு, ஒரு சைக்கிள், ஒரு சங்கிலி. பிறகு எதற்காக இத்தனை ஊர் திரண்டு வந்திருக்கிறது? சொல்கிறேன்.

நம் பக்கத்தில் நிலத்துக்கு மூன்று கணக்கு உண்டு. நம் முன்னோர்கள் சொன்னது மா, வேலி. வெள்ளைக்காரன் விட்டுப் போனது ஏக்கர், சென்ட். அதற்குப் பிறகு சர்க்கார் கொண்டு வந்தது ஹெக்டேர், ஏர்ஸ். நிலம் என்னவோ ஒன்றுதான். வாயால் மா என்போம், விற்கும்போது சென்ட் என்போம், பட்டாவில் ஏர்ஸ் என்று இருக்கும். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள சந்தில் எத்தனை ஏழையின் நிலம் காணாமல் போயிருக்கிறது தெரியுமா?

அந்தச் சந்தில் காவல் நின்றவர் அவர்! கடைத்தெரு டீக்கடைச் சுவரில் தன் கைப்பட நாலு வரி எழுதி வைத்தார். ஒரு மா என்றால் முப்பத்துமூன்று சென்ட். நூறு சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் என்றால் நாற்பதரை ஏர்ஸ். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கருக்கு மூன்று சென்ட் குறைவு. அவ்வளவுதான். தேர்தலுக்குத் தேர்தல் அந்தச் சுவரில் சின்னம் வரைய அடிதடி நடக்கும். இந்தக் கட்சி சுண்ணாம்பு அடிக்கும், அந்தக் கட்சி அதன்மேல் அடிக்கும். ஆனால் அந்த நாலு வரியை மட்டும் இரண்டு கட்சியும் தொட்டதில்லை. இரண்டு கட்சிக்காரனுக்கும் நிலம் இருக்கிறதே!

துபாயிலிருந்து பக்கீர் முகம்மது என்று ஒருவர் அவருக்குப் போன் செய்வார். “பாய், அஞ்சு சென்ட்டு மனை சொல்றாங்க. எத்தனை சதுர மீட்டர் வரும்?” என்பார். இவர் பேப்பரைத் தேடமாட்டார், பென்சிலைத் தேடமாட்டார். “இருநூத்தி ரெண்டு. பக்கத்து மனை உன் மச்சான் காம்பவுண்டு கட்டுறதுக்குள்ள வந்து சேரு, அப்புறம் இருநூறுதான் இருக்கும்” என்பார். அந்த மச்சானும் இங்கே பாய் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பார். பாய் யாரைக் கேலி செய்தாலும் அவர்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கே வந்ததில்லை, அவர் என்னைச் செய்யாத கேலியா?

இப்போது எண்பத்து நான்காம் வருடத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இளைஞர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுபத்து நான்கில், உச்சவரம்புக்கு மேல் இருந்த பண்ணை நிலத்தை எடுத்து, இந்தத் தெருவில் முப்பத்திரண்டு குடும்பத்துக்குத் தலைக்கு ஒரு ஏக்கர் கொடுத்தார்கள். சும்மா கிடைத்ததா அது? எத்தனை ஊர்வலம், எத்தனை தடியடி, எத்தனை நாள் ஜெயில்! பத்து வருடம் கழித்து சர்க்கார் எல்லா நிலத்துக்கும் ஹெக்டேர் கணக்கில் புதுப் பட்டா போட்டுக் கொடுத்தது. ஒரு ஏக்கர் என்று இருந்த இடத்தில் பூஜ்யம், நாற்பது, புள்ளி ஐந்து என்று வந்தது. பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர்ஸ். சரியான கணக்கு. ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

ஆனால் கிராமக் கணக்கில், அடங்கலில், அதே எண் ஏக்கர், சென்ட் என்ற தலைப்புக்குக் கீழே ஏறிவிட்டது. பூஜ்யம் ஏக்கர், நாற்பதரை சென்ட்! ஒரே வரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐம்பத்தொன்பதரை சென்ட் போய்விட்டது. முப்பத்திரண்டு குடும்பத்துக்குப் பத்தொன்பது ஏக்கர் நாலு சென்ட்! மூன்று வேலிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

பண்ணையின் காரியக்காரர் கண்ணுசாமிக்கு அது போதாதா? அடங்கல் நகலை வாங்கினார், மனுப் போட்டார். இவர்களுக்குச் சர்க்கார் கொடுத்தது நாற்பதரை சென்ட்தான், மிச்சத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள், அளந்து கல் நட்டுப் பண்ணையிடம் ஒப்படையுங்கள் என்று. மேலே கையெழுத்தும் ஆகிவிட்டது. குறுவை நடவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. நாற்றங்கால் தயார், சேறடித்துத் தண்ணீர் கட்டியாகிவிட்டது. அன்று காலையில் சர்வேயர் பாய் சங்கிலியோடு வந்து இறங்குகிறார், கூடவே இரண்டு போலீஸ்காரர்கள்.

நம் பெண்கள் என்ன செய்தார்கள்? வயலில் இறங்கி, சேற்றிலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவர் கண்ணாத்தாள். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது. மூன்று பிள்ளைகள். “சங்கிலிய என் மேல போட்டு இழுத்துகிட்டு போங்க” என்று அவர் சத்தம் போட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வரப்பில் ஆண்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். எதிர் வரப்பில் பண்ணை ஆட்கள் கம்போடு நிற்கிறார்கள். ஒரு சொல் தப்பினால் தலைகள் உருண்டிருக்கும் அன்றைக்கு!

காரியக்காரர் சொன்னார்: “சர்வேயர் சார், உத்தரவுல என்ன போட்டுருக்கு? ஆளுக்கு நாப்பதரை சென்ட்டு. அளந்து கல்ல நடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

“நட்டுடலாங்க, அதுக்குத்தானே வந்துருக்கேன்” என்றார் பாய். அடங்கலை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். தலைப்பைப் படித்தார். மறுபடி எண்ணைப் படித்தார். மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வரப்பு ஓரமாகப் போய்க் கண்ணாத்தாளிடம் பட்டாவைக் கேட்டார். அவர் மடியிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கொடுத்தார். பாய் உரக்கப் படித்தார்: “பூஜ்யம், நாப்பது, புள்ளி அஞ்சு.”

“அதத்தானே நானும் சொல்றேன்!” என்றார் காரியக்காரர்.

“ஒத்துக்கிறேங்க. ஆனா எல்லைக்கல்லு ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாச்சே. அந்தப் பக்கம் எவ்வளவுன்னு தெரியாம எங்கன்னு நடுவேன்? பண்ணைப் பட்டா இருந்தா குடுங்க.”

காரியக்காரர் பெருமையாகத் தோல்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வயல், பன்னிரண்டு ஏக்கர். பாய் அதையும் அதே குரலில் படித்தார்: “நாலு, எம்பத்தஞ்சு, புள்ளி அஞ்சு. அப்ப ஐயாவுக்கு நாலு ஏக்கர் எம்பத்தஞ்சரை சென்ட்டு. காத்தான், சங்கிலிய எடுப்பா. மொதல்ல பண்ணைப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம். மிச்சம் ஏழு ஏக்கர் பதினாலரை சென்ட்டு யாருதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

சங்கிலி ஆள் காத்தானும் உடனே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பண்ணைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்!

“யோவ், யோவ், நில்லுய்யா!” என்று கத்தினார் காரியக்காரர். “பன்னெண்டு ஏக்கர்யா அது! ஹெக்டேர்ல போட்டுருக்கு, கண்ணு தெரியலையா?”

அவ்வளவுதான்! சேற்றில் உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் கேட்டார்: “அப்ப எங்க கடுதாசில மட்டும் எதுல போட்டுருக்கு? ரெண்டையும் ஒரே மிசின்லதானே அடிச்சிருக்கான்?”

முதலில் சிரித்தது ஒரு போலீஸ்காரர். பிறகு வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், பண்ணை ஆட்களிலேயே இரண்டு பேர் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சங்கிலி விழவில்லை, கல் நடவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. அன்றைக்கு மத்தியானமே கண்ணாத்தாள் வயலில் நடவு தொடங்கியது. இது நீங்கள் எல்லோரும் அறிந்த கதை.

அறியாத கதையை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அடங்கலில் அந்த எண்ணை மாற்றி ஏற்றியது யார்? காரியக்காரர் கண்ணுசாமி யாரையோ பிடித்து எழுதவைத்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளும் சொல்கிறார்கள். கண்ணுசாமி இறந்து பதினைந்து வருடம் ஆகிறது, இன்றும் அவரைத்தான் திட்டுகிறோம். அவர் வேறு என்னவெல்லாம் செய்தாரோ, அதற்கு அவர் பொறுப்பு. ஆனால் இதை அவர் செய்யவில்லை.

அதை எழுதியது நான்.

ஆமாம், நான்தான்! கணக்குப்பிள்ளைப் பதவியை ஒழித்து, படித்த பிள்ளைகளை எடுத்து கிராம நிர்வாக அலுவலர் ஆக்கினார்களே, அதில் இந்த ஊருக்கு வந்தவன் நான். கூலி வேலை செய்தவர் மகன். “நம்ம புள்ள நம்ம ஊரு கணக்க எழுதுது” என்று இந்தத் தெருவே எனக்கு ஆரத்தி எடுத்தது. புதுக் கணக்கு எழுதும் நேரத்தில் ஹெக்டேர் போட்ட புதுப் படிவம் வந்து சேரவில்லை. என்னிடம் இருந்தவை ஏக்கர், சென்ட் என்று அச்சடித்த பழைய தாள்கள். எண்ணைத்தானே எழுதப் போகிறோம் என்று முதல் முப்பத்திரண்டு பேரை அதிலேயே எழுதினேன். பண்ணை நிலத்துக்கு வருவதற்குள் புதுப் படிவம் வந்துவிட்டது. அதைப் புதுப் படிவத்தில் எழுதினேன். நகல் கேட்டார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் சீல் குத்திக் கொடுத்தேன். எவனும் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. என் கவனக்குறைவு, அவ்வளவுதான். அதற்காகத் தலைகள் உருண்டிருக்கும் என்று சொன்னேனே, அந்தத் தலைகள் என் சொந்தக்காரர்களின் தலைகள்!

அன்று பாய் அடங்கலைப் புரட்டியபோது நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ராஜாங்கம், இந்தத் தாள் எப்பத்தியது?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் புரிந்தது எனக்கு! அவர் அந்த இடத்திலேயே என்னைக் கைகாட்டியிருக்கலாம். வேலை ஒரே நொடியில் முடிந்திருக்கும். ஆனால் மண்வெட்டியோடு நின்ற கூட்டம் என்னை என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அடங்கலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டாவைக் கேட்டு, அத்தனை நாடகம் போட்டார்.

விஷயம் அதோடு முடிந்ததா? மேலிடத்து உத்தரவை நிறைவேற்றவில்லை என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். கணக்கில் தப்பாக எழுதியவர் யார் என்றும் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: “படிவம் பழையது, எண் புதியது.” மூன்றாவது வாரத்தில் வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது. நெல் வயலை அளந்தவர் நாலு வருடம் உப்புப் பாத்தியை அளந்தார். நஃபீசா அக்கா கைக்குழந்தையோடு வலங்கைமானில் தனியாக இருந்தார். அதே மாதத்தில் இந்த ஊர் அவருக்கும், அன்று அவர் கூட நின்ற நம்ம பிள்ளை என்று எனக்கும் பாராட்டுக் கூட்டம் போட்டது. அவரால் வர முடியவில்லை. அவர் மாலையையும் சேர்த்து நான்தான் போட்டுக்கொண்டேன்! அக்கா, அந்த மாலை இன்றைக்கும் என் கழுத்தை அறுக்கிறது.

அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “பாய், நானே போய் ஒத்துக்கிறேன். வேலை போனா போவட்டும்” என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு தடவைதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். “போயிட்டா? உன் எடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவான். அவன் மொதல்லேருந்து இதே தப்பப் பண்ணுவான். உனக்காவது பட்டுத் தெரிஞ்சிருக்கு. பேசாம உக்காந்து எல்லாப் பக்கத்தையும் திருத்து, போ” என்றார். பஸ் புறப்பட்ட பிறகு ஜன்னல் வழியாக, “தலைப்பப் படிய்யா! தலைப்பப் படிச்சிட்டு எண்ணப் படி!” என்று கத்திக்கொண்டே போனார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் இரண்டு தடவை ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்று அனுமதி கேட்டேன். இரண்டு தடவையும், “எம் புள்ளைங்க ஒன்ன மாமான்னு கூப்புடுது, வாய மூடு” என்றுவிட்டார். இன்று தடுக்க அவர் இல்லை. அவர் கிடந்த நாலு வருடத்துக்குக் காரணம் நான் என்று அவர் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். இந்தத் தாய்மார்களைச் சேற்றில் உட்காரவைத்தது என் பேனா என்று இந்த ஊருக்குத் தெரியவேண்டும். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நண்பர்களே! அவருக்குச் சிலை வைக்கப் போகிறோமா? வைத்தால், அடியில் இருக்கும் பீடம் எத்தனை சதுர அடி என்று கேட்டுத் தொந்தரவு செய்வார். வேண்டாம். அவர் செய்த வேலையை நாம் செய்வோம். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு திங்களும் காலையில் சங்க அலுவலகத்தில் நான் உட்காருகிறேன். எந்தப் பட்டாவை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். மாவில் கேட்டால் மாவில் சொல்கிறேன், சென்டில் கேட்டால் சென்டில் சொல்கிறேன். என் கண் தெரிகிறவரை இதைச் செய்வேன். கண் போனால் யாராவது படித்துச் சொல்லட்டும், கணக்கை நான் போடுகிறேன். இது காதர் மைதீன் அவர்களின் மேல் ஆணை!

என்ன அங்கே சத்தம்? கண்ணாத்தாள் எழுந்து நிற்கிறார். அவர் பேசட்டும். தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடு. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் மைக்கிலேயே திட்டட்டும்.

“திட்றதுக்கு இப்ப நேரமில்ல ராஜாங்கம். அது அன்னிக்கே சேத்தோட போச்சு. எம் பொண்ணு மங்களாம்பிகைய ஒனக்குத் தெரியுமில்ல? என் நெலத்த மூணு புள்ளைக்கும் சமமாப் பிரிச்சு எழுதச் சொன்னேன். புதுப் பட்டா வந்துருக்கு. பொண்ணுக்குப் பதிமூணரை சென்ட்டுதான்னு பெரியவன் சொல்லிட்டு, மிச்சத்தத் தன்னோட சேத்து வரப்பப் போட்டுட்டான். இவ மூணு நாளாச் சோறு திங்கல. திங்கக்கெழம வரைக்கும்லாம் என்னால பொறுக்க முடியாது. இப்பவே படி.”

மேலே கொண்டு வாருங்கள். என் கண்ணாடியை எடுங்கள். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், கூட்டம் ஒரு நிமிடம் பொறுக்கட்டும்.

தலைப்பைப் படிக்கிறேன். ஹெக்டேர், ஏர்ஸ். இனி எண்ணைப் படிக்கிறேன். பெரிய மகனுக்குப் பூஜ்யம், பதின்மூன்று, புள்ளி ஐந்து. சின்ன மகனுக்கும் அதேதான். மகளுக்கும் அதேதான். மூன்று பேருக்கும் ஒரே எண், ஒரே தலைப்பு. பெரிய தம்பி, பின்னால் நிற்கிறாய் அல்லவா, காதில் விழுந்ததா? சாயங்காலத்துக்குள் அந்த வரப்பைப் பிரித்துவிடு, நானும் வருகிறேன்.

மங்களாம்பிகை, அழாதே அம்மா, இங்கே என்னைப் பார். இது பதின்மூன்றரை சென்ட் இல்லை, பதின்மூன்றரை ஏர்ஸ். சென்டில் முப்பத்துமூன்றுக்குக் கொஞ்சம் கூடுதல். உன் அம்மா கணக்கில் சொன்னால், உனக்கு முழுசாக ஒரு மா நிலம் இருக்கிறது.